மருந்து சொல்லிக்கொடுத்த மரகதம்

வெள்ளவத்தைச் சந்தையில் நான் கீரை பார்த்து எடுத்துக்கொண்டு நின்றபோது சுமதியின் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தாயோடு நான் கதைப்பதற்குத் தொலைபேசியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அன்று ஞாயிறு அல்ல. ஆனாலும் பழக்கத்தில், "என்ன சுமதி, அம்மா எழும்பிட்டாவோ?" என்று கேட்டேன்.  "புவனா ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்திலயே போயிட்டாங்க. தேத்தண்ணி கொண்டுபோனப்பதான் தெரிஞ்சது" என்றாள். கீரைக் கட்டைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். சிங்களக் கீரைக்காரி தான் இருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளி, "இருங்க நோனா" என்றாள். இருந்தேன். சந்தை இரைச்சல் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

கருமாதிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சிறு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சுமதி கேட்டாள். அதனால் இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் அவளுடைய அம்மா மரகதத்தை அறிந்தவர்களாகவே இருப்பீர்கள். கொட்டாஞ்சேனை ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். அவளிடம் மருந்து வாங்கிப் போனவர்களும், அவர்களின் பிள்ளைகளும் இருப்பீர்கள். நான் அவளை 'அவள்' என்றே எழுதப் போகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ தெரியாத ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது.

நாங்கள் இருவரும் தாதிகள், ஏறக்குறைய ஒரே வயது. நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அவள் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, துறைமுகத்தில் வேலை செய்த மாமாவின் வீட்டில் தங்கிப் படித்து, தாதியானவள். ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்துவிடும் தூரத்தில் இருந்தாள். நான் அவளை 'நீர்' என்பேன். அவளுக்கு அந்தச் சொல் வேடிக்கையாக இருந்தது. "தண்ணிய கூப்பிடுற மாதிரி கூப்பிடுறீங்க" என்று சிரிப்பாள். அவள் என்னை 'நீங்க' என்று சொல்லிக்கொண்டிருந்து, எப்போது 'நீ'க்கு மாறினாள் என்று எனக்கு நினைவில்லை. மாறிய நாளில் நான் கவனிக்கவில்லை என்பதே அது எவ்வளவு இயல்பாக நடந்தது என்பதற்குச் சாட்சி. நான் கடைசிவரை 'நீர்' என்றே சொன்னேன்.

அந்த யுத்த காலத்தில் எங்கள் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப்பேர் வடக்கிலிருந்து வைத்தியத்துக்கென்று பயணப் பாஸ் எடுத்து வந்து, லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள். மற்றவர்கள் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், ஜிந்துப்பிட்டி ஆட்கள். மருந்து உறைகளில் எழுத்து சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். டொக்டருக்கு ஆளுக்கு ஓரிரு நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க முடியாது. மருந்துச் சாளரத்தில் இருப்பவர் உறையை நீட்டி, "காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு" என்பார். அதோடு முடிந்தது. வரிசை நகரும். மருந்தை வாங்கியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நிற்பார்கள். மரகதம் அந்த வாசலில்தான் தன் வேலையைத் தொடங்கினாள். யாரும் அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. ஜன்னலோரம் கிடந்த ஒரு பழைய மேசையையும் இரண்டு கதிரைகளையும் துடைத்துப் போட்டு, வாசலில் நிற்பவர்களைக் கூப்பிட்டு இருத்தினாள்.

அவள் முதலில் கேட்கும் கேள்வி மருந்தைப் பற்றியதாக இருக்காது. "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பாள். நான் அதை உபசாரம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள், நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்குக் குளிசை விழுங்கிவந்த ஒரு பெரியவர் லொட்ஜ் படியில் மயங்கி விழுந்து, எங்களிடம் கொண்டுவரப்பட்டார். ஊரடங்கு போட்டிருந்ததால் சாப்பாட்டுக் கடைகள் பூட்டு. மனுஷன் சாப்பிடவில்லை. ஆனால் டொக்டர் சொன்ன குளிசையைத் தவறாமல் எடுத்திருந்தார். குளுக்கோஸ் ஏற்றிக் கண் திறந்த பிறகு, மரகதம் அவர் பக்கத்தில் இருந்து, "ஐயா, இந்தக் குளிச சாப்பாட்டோட சேர்ந்து வேல செய்யிறது. சாப்பாடு இல்லேன்னா குளிசையும் வேணாம். கை நடுங்கி, வேர்த்து, கண்ண இருட்டினா ஒடனே சீனிய வாயில போடுங்க. சட்டப் பையில கொஞ்சம் சீனி எப்பவும் இருக்கட்டும்" என்றாள். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, "பிள்ளை, சாப்பாட்டுக்கு முன்னம் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கு எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். சாப்பாடு இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். அவள் அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறாள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

மருந்துகளின் கெடுதல்களைச் சொல்ல அவளிடம் தனி மொழி ஒன்று இருந்தது. புத்தகத்தில் படித்த சொற்களை அவள் மேசைக்குக் கொண்டுவரமாட்டாள். "எழும்பும்போது கட்டில் ஒரு சுத்துச் சுத்தும், அதனால கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு எழும்புங்க" என்பாள். "வாய் வாழக்காய் கடிச்ச மாதிரி இருக்கும்" என்பாள். சயரோகத்துக்கு மருந்து எடுப்பவர்களிடம், "சிறுநீர் செவப்பாப் போகும். ரத்தம் இல்ல, அது மருந்தோட சாயம். கண்ணீர்கூட நெறமா வரும். பயப்படாதீங்க" என்பாள். உறையின் பின்பக்கத்தில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் கீறிக் கொடுப்பாள். அவளுக்குப் படம் கீற வராது. சூரியன் பெரும்பாலும் நண்டுபோல் இருக்கும்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அவளுக்கே பிடிக்காது. முகத்துவாரத்தில் மீன் விற்கும் பிலோமினா என்ற பெண்ணின் கதையை எழுதத்தான் வேண்டும்.

பிலோமினாவுக்குச் சயரோகம். மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும். மரகதம் அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புச் சிறுநீர், குமட்டல், ஈரலைக் கெடுக்கக்கூடும், கண் மஞ்சளானால் உடனே வரவேண்டும் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். பிலோமினா நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த கிளினிக்குக்கு வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. பிறகொரு நாள் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். மெலிந்து, இருமலோடு இரத்தம் வந்துகொண்டிருந்தது. முதல் வாரக் குமட்டலிலேயே மருந்தை நிறுத்திவிட்டிருக்கிறாள்.

கிளினிக் டொக்டர் கோபக்காரர் அல்ல. அன்று கோபப்பட்டார். "மரகதம், நீங்கள் பயப்படுத்தித்தானே அனுப்பினீங்கள். ஒண்டும் சொல்லாமல் விட்டிருந்தால் விழுங்கியிருப்பாள்" என்றார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.  அன்று முழுக்க மரகதம் மேசைக்குப் போகவில்லை. வார்டில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவளிடம் போய், "டொக்டர் சொன்னதை மனசில வையாதையும்" என்றேன். "அவரு சொன்னதுல பொய் இல்லையே புவனா" என்றாள். நான் விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த லீவு நாளில் முகத்துவாரம் போகவேண்டும், வருகிறாயா என்று கேட்டாள். பிலோமினா அப்போது எங்கள் வார்டிலேயே இருந்தாள். "ஆள் இங்கை இருக்கேக்கை அங்கை ஏன்?" என்று கேட்டேன். "அவ மருந்து குடிக்காம விட்ட எடத்த பாக்கணும்" என்றாள். போனோம். ஆற்றுமுகத்துக்குக் கிட்ட, பலகைச் சுவர் வைத்த ஒற்றை அறை. பிலோமினாவின் தங்கைதான் இருந்தாள். தாதிமார், அவர்கள் சொல்லும் 'மிஸி'மார், வீட்டுக்கே வந்துவிட்டார்கள் என்று பயந்துபோனாள். மரகதம் வாங்குப் பலகையில் அமர்ந்து, அந்தப் பெண் கொடுத்த சாயத்தேத்தண்ணியைக் குடித்துமுடிக்கும்வரை மருந்து என்ற சொல்லையே எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "அக்கா என்னான்னு சொன்னாங்க, மருந்தப் பத்தி?" என்றாள்.

"மிஸி சொன்னாங்களாம் தானே, இந்த மருந்து ஈரலக் கெடுக்கும்னு. அக்காவுக்கு வாந்தி வந்தோடன, சரி, ஈரல் கெட்டுப்போச்சுன்னு அழுதாங்க. ஏற்கெனவே நெஞ்சு கெட்டுப்போச்சு, ஈரலும் போனா மீன் கூடைய யார் தூக்குறதுன்னு நிப்பாட்டிட்டாங்க."

திரும்பி வரும்போது மரகதம்தான் பேச்சை எடுத்தாள். பஸ் தரிப்பில் நின்று, "நான் சொன்னது பத்து விஷயம். அவ காதுல நின்னது ஒன்னே ஒன்னு. நான் எதச் சொன்னேங்கிறதில்ல புவனா, அவ எதக் கொண்டுபோனாங்கிறதுதான் கணக்கு. அத நான் கேக்கவே இல்ல" என்றாள்.

அதன் பிறகுதான், உங்களில் பலருக்குத் தெரிந்த அந்தக் கதிரை மாற்றம் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் அவள் எழும்பி, நோயாளியைத் தன் கதிரையில் இருத்துவாள். அவர் இருந்த கதிரையில் தான் இருந்துகொண்டு, "இப்ப நீங்கதான் மிஸி. நான் நோயாளி. எனக்கு இந்த மருந்தச் சொல்லிக்குடுங்க" என்பாள். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர் அவளைப்போலவே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டுவார்கள். எங்கே பிழைக்கிறதோ, எங்கே பயம் நிற்கிறதோ, அது அப்போது வெளியே வரும். ஒவ்வொரு கெடுதலோடும், அது வந்தால் என்ன செய்வது, யாரிடம் வருவது என்பதையும் சேர்த்தே சொல்லத் தொடங்கினாள். "கெடுதல மட்டும் சொல்லி அனுப்புறது, இருட்டுல விட்டுட்டு வாற மாதிரி" என்பாள்.

அந்தக் கதிரையில் முதலில் இருந்தவள் பிலோமினா. இரண்டாம் முறை வைத்தியத்தில் குளிசைகளோடு, வீட்டுக்குக் கிட்ட டிஸ்பென்சரியில் தினமும் போட்டுக்கொள்ளும் ஓர் ஊசியும் இருந்தது. அந்த ஊசி சிலருக்குக் காதைத் தாக்கும். திரும்பவும் சொல்வதா, விடுவதா என்று மரகதம் தயங்கியதை நான் கண்டேன்.  கடைசியில் சொன்னாள். "காதுக்குள்ள சில்வண்டு கத்துற மாதிரி கேட்டா, அன்னைக்கே எங்கிட்ட சொல்லணும். சொன்னா ஊசிய மாத்திடலாம். காது தப்பிரும். நீங்களா வராம நிக்கக்கூடாது. எங்க, இப்ப சொல்லுங்க." பிலோமினா மரகதத்தின் கதிரையில் கூனிக்கொண்டு இருந்து, "வண்டு கத்தினா... மிஸிக்கிட்ட ஓடி வரணும். வீட்டுல ஒளிஞ்சிருக்கக்கூடாது" என்றாள். மரகதம் சிரித்துவிட்டாள். பிலோமினாவும் சிரித்தாள்.

சில வாரங்கள் கழித்து, கிளினிக் இல்லாத ஒரு நாளில், பிலோமினா மீன்கூடைத் துண்டைத் தலையில் சுற்றியபடி வந்து நின்றாள். "மிஸி, வண்டு வந்திருச்சு" என்றாள். டொக்டர் அன்றே ஊசியை நிறுத்தினார். இடது காது கொஞ்சம் மந்தமானதோடு தப்பியது.  அடுத்த வாரம் டொக்டர் அவளுடைய மேசையைத் தன் அறை வாசலுக்குப் பக்கத்தில் எடுத்துப் போடச் சொன்னார். பிறகு அவர் பார்க்கும் நோயாளிகள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது.

இனி எழுதப் போவது எங்களில் சிலருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அந்த நாட்களில் இதைப் பற்றி நாங்கள் வெளியில் கதைக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு தையற்காரர் மனைவியோடு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். அவருக்கு வலிப்பு. எங்களிடம் காட்டி, குளிசையில் கட்டுப்பட்டிருந்தது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அவர் மனைவி கிளினிக்குள் ஓடிவந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. "மிஸி, விடியப் பொலிஸ் வந்து லொட்ஜைச் சுத்திவளைச்சு அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். குளிசையை எடுக்கவும் விடேல்லை. நீங்கள் சொன்னனீங்கள், ஒருநாளும் நிப்பாட்டக்கூடாது, சடாரெண்டு நிப்பாட்டினால் வலிப்பு விடாமல் வரும் எண்டு. அதுதான் நேரே இங்கை வந்தனான்" என்றாள். குளிசை உறையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

மரகதம் டொக்டரிடம் போனாள். அவர் ஒரு துண்டில் நோயையும் மருந்தையும் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். "நான் வந்தால் இங்கை கிளினிக் நிக்கும். நீங்கள் போவீங்களா?" என்று கேட்டார். "போறேன்" என்றாள். நானும் கூடப் போனேன். வீரத்தில் அல்ல. அவளைத் தனியே அனுப்பிவிட்டு அங்கே என்னால் நின்றிருக்க முடியாது.

பொலிஸ் நிலையத்துக்கு வெளியே எங்கள் சனம் கூட்டமாக நின்றது. அடையாள அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்மாரும் மனைவிமாரும் நின்றார்கள். எங்கள் வெள்ளை உடுப்பைக் கண்டு வழிவிட்டார்கள். உள்ளே மேசையில் வயதான ஒரு சார்ஜன்ட். எனக்குச் சிங்களம் அரைகுறை. கேட்டால் கொஞ்சம் விளங்கும், வாய் வராது. மரகதம் கொழும்பில் வளர்ந்ததால் சரளமாகப் பேசுவாள். அவள் பேசியதில் அன்று எனக்கு விளங்காத இடங்களைப் பிறகு அவளே சொன்னாள்.

சார்ஜன்ட் உறையைப் பிரித்து, குளிசைகளை மேசையில் கொட்டிப் பார்த்தார். "இது என்ன குளிசை என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன் மாத்தயா" என்றாள் மரகதம், சிங்களத்தில் 'ஐயா' என்ற மரியாதையோடு. டொக்டரின் துண்டை வைத்தாள். பிறகு, எங்கள் மேசையில் எப்படிச் சொல்வாளோ அப்படியே, அவசரப்படாமல் சொன்னாள். இந்த ஆளுக்கு வலிப்பு நோய். காலையில் எடுக்க வேண்டியதை இன்னும் எடுக்கவில்லை. நிறுத்தினால் வலிப்பு வரும், நிற்காமல் வந்தால் உயிர் போகும். உங்கள் அறையில் அது நடக்கக்கூடாது, உங்களுக்கும் அது பெரிய தொல்லை. சார்ஜன்ட் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, கொடுக்கச் சொல்கிறேன்" என்று உறையைத் தன் பக்கம் இழுத்தார்.

நான் அவளுடைய கையைத் தொட்டேன். போகலாம் என்று. அவள் அசையவில்லை.

"இன்னும் ஒன்று இருக்கிறது மாத்தயா. இந்தக் குளிசை எடுத்தால் தூக்கம் வரும். கேள்வி கேட்கும்போதே கண் சொருகும். நாக்குத் தடிக்கும், பதில் மெதுவாக வரும். அது திமிர் இல்லை. மறைக்கிறான் என்றும் நினைக்கக் கூடாது. மருந்து செய்கிற வேலை. விசாரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்."

  அவள் என்ன கேட்கிறாள் என்பது சார்ஜன்டுக்கும் விளங்கியது. அடிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தால் யாரும் காதில் போட்டிருக்கமாட்டார்கள். அவள் மருந்தின் கெடுதலைச் சொன்னாள்.

பிறகு, நான் இன்றுவரை நம்பமுடியாத ஒன்றைச் செய்தாள். "மாத்தயா, நான் சொன்னதை ஒருமுறை எனக்குச் சொல்லுங்கள். நோயாளிகளிடமும் இப்படித்தான் கேட்பேன். பிழை இருந்தால் திருத்திவிட்டுப் போகிறேன்" என்றாள். சார்ஜன்ட் அவளையே பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு குளிசையை விரலால் உருட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல், காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நிறுத்தக் கூடாது, தூக்கம் வரும், அது மருந்து, திமிர் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளே இருந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, அவனிடமும் அதையே சொன்னார்.

நாங்கள் எழும்பியபோது, "மிஸி" என்று கூப்பிட்டார். கால்சட்டையைக் கொஞ்சம் உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். பிரஷருக்குக் குளிசை எடுக்கிறாராம். எடுக்கத் தொடங்கியதிலிருந்து பின்னேரமானால் கால் வீங்குகிறதாம். நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாராம். மரகதம் திரும்ப உட்கார்ந்தாள். குளிசையின் பெயரைக் கேட்டாள். விரலால் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். "சில பேருக்கு அந்தக் குளிசை இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தவேண்டாம், பிரஷர் ஏறிவிடும். டொக்டரிடம் காட்டிச் சொல்லுங்கள், வேறு மருந்து மாற்றித் தருவார். அதுவரை இரவில் காலுக்கு ஒரு தலையணை வையுங்கள்" என்றாள்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. பயம் முழுவதும் ஆத்திரமாக மாறியிருக்க வேண்டும். "எங்கடை சனம் வாசல்ல அழுதுகொண்டு நிக்குது. அந்த மனுசன்ரை காலைப் பிடிச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறீர்" என்றேன். மரகதம் நடையை நிறுத்தாமல், "அவருக்கும் கால் வீங்குதுல்ல" என்றாள்.  

தையற்காரரைச் சில நாட்களில் விட்டார்கள். வலிப்பு வரவில்லை. மருந்து நேரத்துக்குக் கொடுத்தார்களாம். கேள்வி கேட்கும்போது அவர் இரண்டு முறை நித்திரையாகிவிட்டாராம். ஒருவன் கையை ஓங்க, மற்றவன், "அது குளிசை" என்றானாம். இதை அவர் மனைவி எங்கள் மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள். மரகதம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வரும்போது முகம் கழுவியிருந்தாள். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

பிறகு வருடங்கள் ஓடின. டொக்டர் வெளிநாடு போனார். ஆஸ்பத்திரியில் புதிய கட்டடம் வந்தது. எங்கள் மேசை எங்கே போனதென்று தெரியாது. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வுபெற்றோம். அவள் கணவர் காலமான பிறகு சுமதியோடு களனிப் பக்கம் போனாள். பஸ் ஏறிப் போகும் தூரம்தான். ஆனால் முழங்கால் வலி இருவருக்கும். எங்கள் சந்திப்பு ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியோடு நின்றுவிட்டது. தன் வருத்தங்களைப் பற்றி அவள் அதிகம் கதைக்கமாட்டாள். கடைசி மாதங்களில் இதயத்துக்கு எடுத்த மருந்தால் கறிகளின் ருசி போய்விட்டதென்று ஒருநாள் சொன்னாள். "கருவாட்டுக் கொழம்பு வாசம் வருது, வாயில வச்சா கடதாசி. ஆனா நிப்பாட்டல. வாசத்த வச்சே சாப்பிடுறேன்" என்றாள். அடுத்த வாரம் கருவாடு கொண்டுவந்து சமைத்துத் தருகிறேன் என்றேன். சுமதியிடம் சொல்லி அழைத்துப்போக ஆள் அனுப்புகிறேன் என்றாள். அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த கிழமை மழை. இப்போது ஞாயிறு பின்னேரம் நான்கு மணியானால் என் கை தன்பாட்டில் தொலைபேசிப் பக்கம் போகிறது. எடுத்துவைத்துக்கொண்டு, யாருக்கு என்று நினைவு வரும்வரை இருக்கிறேன்.

அவள் எனக்கு விட்டுப்போனது எது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். கதிரை மாற்றத்தைப் பல தாதியர் எடுத்துக்கொண்டார்கள், அது அவர்களுடையது. எனக்கென்று இருப்பது ஒரு பின்னேரம்.

கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த ஒரு நாள். பஸ்கள் நின்றுவிட்டன, ரயிலும் இல்லை. வெள்ளவத்தையில் அம்மா தனியே. நான் நடந்தே போகிறேன் என்று வெளிக்கிட்டேன். மரகதத்தின் வீடு நாலு தெரு தள்ளித்தான். அவள் வீட்டுக்குப் போகாமல் என்னோடு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒனக்குச் சிங்களம் வராது" என்றாள். வாசலில் வைத்து, தமிழர் என்று காட்டிக்கொடுக்கும் தன் நெற்றிப் பொட்டை அழித்தாள், என்னுடையதையும் விரலால் துடைத்துவிட்டாள். என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். மருதானை வழியாகக் கொம்பனித்தெருவுக்கு வந்து, காலிமுகத்திடல் ஓரமாகத் திரும்பினோம். தெருவெல்லாம் வீட்டுக்கு நடக்கும் சனம். முகங்களில் கோபம் இருந்தது. யாராவது ஒரு தமிழ்ச் சொல்லைக் கேட்டால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

புறப்பட்ட இடத்திலிருந்து மரகதம் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். வாய் ஓயாமல், வேலை முடிந்து வீடு போகும் இரண்டு தாதிகளின் சலிப்போடு, வார்டைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் பேசினாள். குளிசைகளின் பெயர்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. எதைச் சாப்பாட்டோடு எடுப்பது, எது தலையைச் சுற்றும், எதற்கு வெயிலில் போகக்கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவள் என் கையை அழுத்தும்போது நான், சிங்களத்தில் ஆம் என்று, "ஓவ்" என்பேன். சில இடங்களில் அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். சோதனைச் சாவடியில் ஒருவன் எங்கள் பக்கம் திரும்பினான். அவள் குரலைக் குறைக்காமல், நடையை மாற்றாமல், எதற்கோ கையை ஆட்டி விளக்கிக்கொண்டு கடந்தாள். என் கை வேர்த்து வழுக்கியது. அவள் பிடியை விடவில்லை.

எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பி, யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் நிறுத்தினாள். குரல் கம்மிப்போயிருந்தது. "தொண்ட காஞ்சுபோச்சு புவனா. தண்ணி குடு" என்றாள். அம்மா கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, "என்ரை பிள்ளையள்" என்று அழுதார்.

அத்தனை மைல் தூரம் அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அதற்கு எவ்வளவோ ஞாயிறுகள் இருந்தன. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. விளங்காத சொற்களில் என் காதோரம் விடாமல் வந்துகொண்டிருந்த அந்தக் குரலையும், என் கையைப் பிடித்திருந்த அந்தக் கையின் சூட்டையும் மட்டும் நான் வைத்திருக்கிறேன்.